வீடுகளின் வழியே வளர்ந்த சமயம்: ரோமப் பேரரசில் தொடக்கக் கிறித்தவம்

கி.பி. 303ஆம் ஆண்டு மே 19 அன்று, வட ஆப்பிரிக்காவின் சிர்த்தா நகரில் (இன்றைய அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன்) நகரப் பொறுப்பாளர் முனாத்தியுஸ் பெலிக்ஸ், எழுத்தர்களை அழைத்துக்கொண்டு, கிறித்தவர்கள் கூடும் வீட்டைச் சோதனையிடச் சென்றார். கிறித்தவர்களின் மறைநூல்களைக் கைப்பற்றி எரிக்க வேண்டும் என்று பேரரசர் டயோக்ளீசியன் அவ்வாண்டு பிப்ரவரியில் ஆணை பிறப்பித்திருந்தார். கிடைத்த பொருள்களை எழுத்தர்கள் ஒவ்வொன்றாகக் குறித்தார்கள்: பொன் கிண்ணங்கள் 2, வெள்ளிக் கிண்ணங்கள் 6, வெள்ளிக் குடங்கள் 6, வெள்ளி விளக்குகள் 7, சங்கிலியோடு கூடிய வெண்கல விளக்குகள் 11. அதற்கடுத்து வந்தவை துணிமணிகள். பெண்கள் அணியும் அங்கிகள் 82, ஆண்கள் அங்கிகள் 16, ஆண்களுக்கான காலணிகள் 13 இணை, பெண்களுக்கான காலணிகள் 47 இணை. உணவறையில் பெரிய சாடிகள் இருந்தன. நூல் அலமாரிகள் மட்டும் வெறுமையாகக் கிடந்தன. வழிபாட்டில் மறைநூலை வாசிக்கும் பொறுப்பிலிருந்த வாசகர்கள் நூல்களைத் தத்தம் வீடுகளுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். அதிகாரிகள் வீடு வீடாகப் போனபோது இலக்கண ஆசிரியரான விக்தர் என்பவரிடமிருந்து இரண்டு நூல்கள் கிடைத்தன. இன்னொரு வீட்டில் கணவன் இல்லாத நேரத்தில் மனைவி ஆறு நூல்களை எடுத்துக் கொடுத்தார்.

இந்தப் பதிவேடு இன்று நமக்கு வாசிக்கக் கிடைப்பதற்குக் கிறித்தவர்களின் உட்பூசலே காரணம். சோதனை நடந்த நாளில் துணைத்தொண்டராக இருந்த சில்வானுஸ் பின்னர் அதே நகரின் ஆயர் (பிஷப்) ஆனார். திருச்சபைப் பொருள்களை அன்று எடுத்துக் கொடுத்தவர் அவர்தான் என்று 320இல் எதிர்த்தரப்பார் ஆளுநரிடம் வழக்குத் தொடுத்தபோது, பழைய பதிவேடு வரவழைக்கப்பட்டு வரிக்கு வரி வாசிக்கப்பட்டது. எங்கோ ஒரு மாகாண நகரத்தில், ஆட்சியாளரின் பகைக்கு நடுவே, கிறித்தவர்கள் எதைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பதை அவர்களைப் புகழ எண்ணாத ஓர் எழுத்தர் எழுதிய குறிப்பு இது. அந்தத் துணிகள் ஏழைகளுக்கு, அவர்களிலும் பெரும்பாலும் கைம்பெண்களுக்குக் கொடுப்பதற்காக வைக்கப்பட்டவை என்றே கொள்ளத் தோன்றுகிறது.

கிறித்தவம் ரோமப் பேரரசில் எவ்வாறு பரவியது என்று கேட்டால் பக்தர்கள் பெரும்பாலும் திருத்தூதர்களின் போதனையையும் மறைசாட்சிகளின் குருதியையும் சொல்வார்கள். ஐயுறுவோர் கான்ஸ்டன்டைனின் வாளைச் சொல்வார்கள். இரண்டிலும் உண்மையின் கூறு உண்டு. ஆனால் முதல் திருத்தூதர்கள் மறைந்ததற்கும் கான்ஸ்டன்டைன் அரியணை ஏறியதற்கும் இடையே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில், நமக்குப் பெயர் தெரிந்த மாபெரும் போதகர் ஒருவரும் இல்லாமல், பொதுவீதியில் நின்று பேசும் உரிமையும் இல்லாமல், ஒரு சிறு குழு பேரரசின் பெரும்பாலான நகரங்களில் வேரூன்றிவிட்டது. விளக்கம் தேவைப்படுவது அந்த இருநூறு ஆண்டுகளுக்குத்தான்.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். அக்காலக் கணக்கெடுப்பு எதுவும் இல்லை. இருப்பவை அறிஞர்களின் மதிப்பீடுகள் மட்டுமே. கி.பி. 40இல் ஆயிரம் கிறித்தவர்கள் இருந்தார்கள் என்றும், பத்தாண்டுக்கு நாற்பது விழுக்காடு கூடினார்கள் என்றும் வைத்துக்கொள்ளும் கணக்கு ஒன்று ஆய்வாளரிடையே பெரிதும் பேசப்படுகிறது. அதன்படி கி.பி. 100இல் ஏழாயிரத்து ஐந்நூறு பேர்தான் இருந்திருப்பார்கள். 200இல் இரண்டு லட்சத்துச் சொச்சம். 300இல் அறுபது லட்சத்தைத் தாண்டிவிடும். பேரரசின் மக்கள்தொகை ஏறத்தாழ ஆறு கோடி என்று கொண்டால் அது பத்தில் ஒரு பங்கு. ஆண்டுக்கு மூன்றரை விழுக்காட்டுக்கும் குறைவான வளர்ச்சி இது; நூறு பேர் உள்ள ஒரு குழுவில் ஆண்டுக்கு மூன்று நான்கு பேர் புதிதாகச் சேர்ந்தாலே போதும். கூட்டு வட்டியைப் போல, நீண்ட காலம் ஒன்றும் நடவாதது போலத் தோன்றி, மூன்றாம் நூற்றாண்டின் நடுவில் திடீரென்று கண்ணில் படும் அளவுக்கு அது பெருகிவிடுகிறது. இந்தக் கணக்கை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது; ஊருக்கு ஊர் வேகம் மாறியிருக்கும், சில இடங்களில் குழுக்கள் அழிந்தும் போயிருக்கும். எனினும், பெருந்திரளான மதமாற்றங்களும் அற்புதங்களும் நிகழ்ந்திருந்தாலன்றி இந்த வளர்ச்சி இயலாது என்ற எண்ணத்தை அது தகர்த்துவிடுகிறது.

அந்த மூன்று நான்கு பேர் எங்கிருந்து வந்தார்கள் என்பதே அடுத்த கேள்வி. தொடக்கத்தில் அவர்கள் யூதத் தொழுகைக்கூடங்களிலிருந்து வந்தார்கள். அலெக்சாந்திரியா, அந்தியோக்கியா, எபேசு, கொரிந்து, ரோம் என்று நடுநிலக்கடலைச் சுற்றிய பெருநகரங்கள் அனைத்திலும் யூதர்கள் குடியேறியிருந்தார்கள். அவர்களின் மறைநூல் இயேசுவுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே கிரேக்கத்தில் மொழிபெயர்க்கப்பட்டுவிட்டது. அவர்களைச் சுற்றி, யூதராகப் பிறவாமல் யூதக் கடவுளை மதித்துத் தொழுகைக்கூடத்துக்கு வந்துபோகும் கிரேக்கர்களும் இருந்தார்கள். திருத்தூதர் பணிகள் நூல் இவர்களைக் கடவுளுக்கு அஞ்சுவோர் என்று குறிக்கிறது. இன்றைய துருக்கியில் உள்ள அப்ரோடிசியாஸ் நகரில் கிடைத்த, பிற்காலத்தைச் சேர்ந்த ஒரு கல்வெட்டு, அத்தகையோர் ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்களைத் தனிப் பட்டியலாகத் தருகிறது. அவர்களில் நகரமன்ற உறுப்பினர்களும் இருக்கிறார்கள். ஒரே கடவுள், பழமையான மறைநூல், தெளிவான ஒழுக்கம் ஆகியவற்றால் ஈர்க்கப்பட்டும், விருத்தசேதனத்துக்கும் உணவு விதிகளுக்கும் தயங்கி வாசலிலேயே நின்றவர்கள் இவர்கள். விருத்தசேதனம் தேவையில்லை என்று பவுல் பிடிவாதமாக வாதாடியதை இறையியல் சண்டையாக மட்டும் பார்ப்பது போதாது. வாசலில் நின்றவர்கள் உள்ளே வர அது வழிவிட்டது.

பவுலின் பயணங்களைப் பற்றித் தமிழில் ஏராளமாக எழுதப்பட்டுள்ளதால், இங்கே அவரோடு இருந்தவர்களைக் கவனிப்பது நல்லது. பேரரசர் கிளாடியுஸ் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியபோது கொரிந்துக்கு வந்து சேர்ந்த அக்கிலாவும் பிரிஸ்கில்லாவும் கூடாரம் செய்யும் தொழிலாளர்கள். பவுலுக்கும் அதே தொழில் தெரிந்திருந்ததால் அவர் அவர்களோடு தங்கி வேலை செய்தார். பிற்பாடு இந்தத் தம்பதி எபேசுக்குப் போனார்கள், மீண்டும் ரோமுக்குத் திரும்பினார்கள். எங்கிருந்தாலும் அவர்கள் வீட்டில் ஒரு சபை கூடியது. பிலிப்பியில் பவுலின் பேச்சைக் கேட்டுத் திருமுழுக்குப் பெற்ற லீதியா, தியத்தைரா ஊரைச் சேர்ந்தவர், செந்நிறத் துணி வணிகம் செய்தவர். அவருடைய வீட்டாரும் அவருடன் சேர்ந்து திருமுழுக்குப் பெற்றனர். ரோம வழக்கில் வீடு என்பது கணவன், மனைவி, பிள்ளைகளோடு நின்றுவிடுவதில்லை. அடிமைகள், விடுதலை பெற்ற அடிமைகள், அண்டி வாழ்வோர், கூலியாட்கள் எல்லோரும் அதில் அடங்குவர். ஆகவே ஒரு வீட்டுத் தலைவியோ தலைவனோ மனம் மாறினால் பத்து இருபது பேர் ஒன்றாகச் சேர்ந்தார்கள். மாறாக, தலைவர் மாறாத வீட்டில் அடிமைப் பெண்ணோ மனைவியோ தனியே சேர்ந்தபோது அந்த வீட்டுக்குள் கசப்பு முளைத்தது. இவ்விரண்டு நிலைகளுக்கும் தொடக்ககால நூல்களில் சான்றுகள் உள்ளன.

இந்தப் பரவலை மிக நெருக்கமாகக் கண்டு எழுதியவர்களில் ஒருவர் கிறித்தவத்தின் எதிரி. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கிரேக்க மெய்யியலாளர் செல்சுஸ் கிறித்தவர்களைச் சாடி ஒரு நூல் எழுதினார். அது அழிந்துவிட்டாலும், எழுபது ஆண்டுகள் கழித்துக் கிறித்தவ அறிஞர் ஓரிஜென் அதற்கு எழுதிய மறுப்பில் அதன் பகுதிகள் அப்படியே எஞ்சியுள்ளன. கம்பளி நெய்வோரும், செருப்புத் தைப்போரும், துணி வெளுப்போரும் செல்வர் வீடுகளுக்குள் நுழைந்து, வீட்டுப் பெரியவரும் ஆசிரியரும் இருக்கும்போது வாய் திறவாமல் இருந்துவிட்டு, பிள்ளைகளும் பெண்களும் தனியே இருக்கும்போது வியப்பூட்டும் கதைகளை அவிழ்த்துவிடுகிறார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. உண்மையை அறிய வேண்டுமானால் தந்தையையும் ஆசிரியரையும் விட்டு, கம்பளிக் கடைக்கோ தோல் பட்டறைக்கோ வாருங்கள் என்று அவர்கள் அழைப்பதாகவும் அவர் எழுதுகிறார். இகழ்ச்சியைக் கழித்துவிட்டுப் பார்த்தால், கிறித்தவம் பரவிய வழி பற்றி இதைவிட நம்பத்தக்க சான்று கிடைப்பது அரிது.

கூடும் இடமும் வீடுதான். யூப்ரடீஸ் ஆற்றங்கரையில், பேரரசின் கிழக்கு எல்லையில் இருந்த தூரா யூரோபோஸ் என்ற காவல் நகரில், 1930களின் தொடக்கத்தில் நடந்த அகழாய்வில் அத்தகைய ஒரு வீடு வெளிப்பட்டது. முற்றத்தைச் சுற்றி அறைகள் கொண்ட சாதாரண வீடு அது; கி.பி. 240 வாக்கில் இரண்டு அறைகளுக்கு இடையிலிருந்த சுவரை இடித்து, ஏறத்தாழ எழுபது பேர் அமரும்படி ஒரு கூடமாக்கியிருந்தார்கள். மற்றோர் அறையில் திருமுழுக்குத் தொட்டியும், அதற்கு மேல் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பனின் ஓவியமும் இருந்தன. தெருவிலிருந்து பார்ப்பவருக்கு அது இன்னொரு வீடாகவே தெரிந்திருக்கும். நகர மதிலை ஒட்டிய அதே தெருவில், சற்றுத் தொலைவில், நான்கு சுவரும் ஓவியங்கள் நிறைந்த யூதத் தொழுகைக்கூடம் அதைவிடப் பெரிதாகவும் செழிப்பாகவும் நின்றது. 256 வாக்கில் பாரசீகர் முற்றுகையிட்டபோது மதிலை வலுப்படுத்த அந்தத் தெருவையே மண்ணிட்டு மூடியதால், அனைத்தும் பழுதுபடாமல் நமக்குக் கிடைத்தன.

சிதறிக் கிடந்த இத்தகைய வீடுகளை ஒரே அமைப்பாக இணைத்தவை கடிதங்கள். ரோமருக்குப் பவுல் எழுதிய கடிதத்தின் இறுதியில் அதைக் கையால் எழுதிய தெர்த்தியுஸ் தம் வாழ்த்தையும் இடையில் சேர்த்துக்கொள்கிறார். கொரிந்தின் துறைமுகமான கெங்கிரேயாவின் திருத்தொண்டர் பெபேயாளை வரவேற்று வேண்டியதைச் செய்யுங்கள் என்ற பரிந்துரை அதில் இருப்பதால், கடிதத்தைக் கொண்டுபோனவர் அந்தப் பெண்ணாகவே இருக்க வேண்டும். முதல் நூற்றாண்டின் இறுதியில் ரோம் சபை கொரிந்து சபைக்கு நீண்ட அறிவுரைக் கடிதம் எழுதுகிறது. தண்டனைக்காக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இக்னேசியுஸ் வழியிலேயே ஏழு கடிதங்கள் எழுதுகிறார். 177இல் பிரான்சின் லியோன் நகரில் கிறித்தவர்கள் கொல்லப்பட்டபோது, எஞ்சியவர்கள் அந்தக் கொடுமையை விரித்துரைத்து ஆசியா மாகாணத்திலும் பிரீகியாவிலும் (இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதிகள்) உள்ள சபைகளுக்கு எழுதினார்கள். அந்த மறைசாட்சிகளில் ஆசியாவின் பெர்கமோனைச் சேர்ந்த அத்தாலுஸும், பிரீகியாவிலிருந்து வந்த மருத்துவர் அலெக்சாந்தரும் இருந்தார்கள் என்பதைக் கண்டால், ரோன் ஆற்று வணிகத்தோடு இந்தச் சமயம் எவ்வாறு மேற்கே வந்தது என்பது விளங்கும்.

பயணம் செய்வோருக்குச் சபைகள் தந்த விருந்தோம்பல் எந்த அளவுக்கு இருந்தது என்பதை, அதைச் சுரண்டியவர்களுக்கு எதிராக எழுதப்பட்ட விதிகளிலிருந்து அறியலாம். திதக்கே எனப்படும் மிகப் பழைய வழிகாட்டி நூல், ஊர் ஊராகச் செல்லும் போதகர் ஒரு நாள் தங்கலாம், தேவையானால் இரண்டாம் நாளும் தங்கலாம், மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலித் தீர்க்கதரிசி என்று கூறுகிறது. புறப்படும்போது பணம் கேட்டாலும் அவர் போலிதான். ஏமாற்றுக்காரர்களுக்கே பயன்படும் அளவுக்கு ஓர் ஏற்பாடு நம்பகமாக இயங்கிவந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வழிநடைக்காரர்களும் கடிதக்காரர்களும் கொண்டுசென்ற நூல்களின் வடிவமும் கவனிக்கத்தக்கது. இலக்கியச் சுருள்களே மதிப்புக்குரியவை என்று பிறர் கருதிய காலத்தில், இருபுறமும் எழுதி மடித்துத் தைக்கப்பட்ட ஏட்டு வடிவத்தைக் கிறித்தவர்கள் தொடக்கத்திலிருந்தே விரும்பிக் கையாண்டார்கள். 180 ஜூலையில் கார்த்தேஜ் நகரில் பன்னிரண்டு கிராமத்தவர் விசாரிக்கப்பட்டபோது, உங்கள் பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஆளுநர் கேட்டார். நூல்களும், பவுல் என்ற நேர்மையாளரின் கடிதங்களும் என்று அவர்களில் ஒருவரான ஸ்பெராத்துஸ் பதில் சொன்னார். யோசிக்க முப்பது நாள் அவகாசம் தருவதாக ஆளுநர் சொன்னதையும் அவர்கள் மறுத்துவிட்டார்கள்.

கிராமப்புறத்துக்கும் பரவல் தொடங்கிவிட்டதை முதலில் குறிப்பிடுபவர் பிளினி. 112 வாக்கில் கருங்கடல் கரையிலுள்ள பித்தினியா–பொந்து மாகாணத்தின் ஆளுநராக இருந்த அவர், பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதம், இன்றைய அரசு அலுவலரின் குறிப்பைப் போலவே தயக்கமும் தற்காப்பும் நிறைந்தது. எல்லா வயதினரும், எல்லாத் தரத்தினரும், ஆணும் பெண்ணும் இதில் சிக்கியிருக்கிறார்கள். நகரங்களோடு நில்லாமல் ஊர்களுக்கும் வயல்வெளிகளுக்கும் இந்தத் தொற்று பரவிவிட்டது என்று அவர் எழுதுகிறார். உண்மையை அறியத் திருத்தொண்டர்கள் என்று சொல்லப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும், விடியலுக்கு முன் கூடிப் பாடுகிறார்கள், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், நம்பி ஒப்படைத்ததை ஏமாற்றமாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், பின் சாதாரண உணவை ஒன்றாக உண்கிறார்கள் என்பதற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. தம் நடவடிக்கைக்குப் பலன் கிடைத்ததைக் காட்ட அவர் தரும் சான்று சுவையானது: வாங்குவோர் அருகிவிட்ட பலி இறைச்சி இப்போது எங்கும் மீண்டும் விற்பனையாகிறதாம். டிராஜன் சுருக்கமாகப் பதில் எழுதினார்: அவர்களைத் தேடிப் போக வேண்டாம், யாரேனும் குற்றம் சாட்டி மெய்ப்பித்தால் தண்டிக்கலாம், பெயரில்லாக் கடிதங்களை ஏற்கக்கூடாது. குற்றவாளிகள் என்றால் ஏன் தேடக்கூடாது, குற்றமற்றவர்கள் என்றால் ஏன் தண்டிக்க வேண்டும் என்று கிறித்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் பின்னாளில் கேலி செய்த இந்த இரண்டுங்கெட்டான் கொள்கையே அடுத்த நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருந்தது. அது கிறித்தவர்களை அச்சத்தில் வைத்தது, ஆனால் அழிக்கவில்லை. நம்பிக்கைக்காக உயிர்விட்டவர்கள் எளிதில் எண்ணிவிடக்கூடிய சிலர் என்று மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓரிஜென் எழுதியிருக்கிறார். சொல்பவர் கிறித்தவர் என்பதால் அதை நம்பலாம்.

துன்புறுத்தலைவிட, சேர்ந்தவர்கள் விலகாமல் நின்றதற்கான காரணமே எனக்கு முதன்மையாகப் படுகிறது. ரோமப் பேரரசில் கொடை இல்லாமல் இல்லை. செல்வர்கள் குளியல் மண்டபங்களும் அரங்குகளும் கட்டித் தந்தார்கள், விருந்து வைத்தார்கள். ஆனால் அந்தக் கொடை குடிமக்களுக்கு, அதுவும் தரவரிசைப்படி போய்ச் சேர்ந்தது. ரோமில் வழங்கப்பட்ட இலவசத் தானியமும் ஏழைக்கு உரியதாக இருக்கவில்லை, பட்டியலில் பெயருள்ள குடிமகனுக்கே உரியதாக இருந்தது. எளியவர்கள் தமக்குள் அடக்கச் செலவுச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். லனூவியம் ஊரில் 136இல் வெட்டப்பட்ட கல்வெட்டு அப்படிப்பட்ட ஒரு சங்கத்தின் விதிகளைத் தருகிறது: சேர்வதற்கு நூறு செஸ்டெர்ஸ் காசுகளும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும், அதன் பிறகு மாதச் சந்தா. கட்டாதவரின் அடக்கத்துக்குச் சங்கம் பொறுப்பல்ல. கிறித்தவர்களின் பொதுப்பெட்டியைப் பற்றித் தெர்த்துல்லியன் 197 வாக்கில் எழுதும்போது, இந்தச் சங்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டே ஒப்பிடுகிறார். மாதம் ஒருமுறை, விரும்பினால், முடிந்தால் மட்டும் செலுத்துகிறார்கள். சேர்ந்த பணம் விருந்துக்குப் போவதில்லை. ஏழைகளை அடக்கம் செய்யவும், பெற்றோரில்லாப் பிள்ளைகளுக்கும், வீட்டோடு முடங்கிய முதிய அடிமைகளுக்கும், கப்பல் உடைந்து கரையேறியவர்களுக்கும், சுரங்கத்திலும் சிறையிலும் இருப்போருக்கும் போகிறது. ரோம் சபை அரை நூற்றாண்டுக்குப் பின் எட்டியிருந்த அளவை 251 வாக்கில் ஆயர் கொர்னேலியுஸ் அந்தியோக்கியா ஆயருக்கு எழுதிய கடிதம் காட்டுகிறது: மூப்பர்கள் 46, திருத்தொண்டர்கள் 7, துணைத்தொண்டர்கள் 7, அவர்களுக்குக் கீழே இன்னும் பலர், சபை உணவளித்துக் காக்கும் கைம்பெண்களும் வறியோரும் 1,500க்கும் மேல். தலைநகரில் அரசின் கண்ணெதிரே, அரசின் உதவியின்றி, இவ்வளவு பெரிய அமைப்பு நடந்துகொண்டிருந்தது.

பெண்கள் இந்த அமைப்பில் ஏன் மிகுதியாக இருந்தார்கள் என்பதற்கும் இதே இடத்தில் விடை இருக்கிறது. அகஸ்டஸ் காலச் சட்டங்கள் கணவனை இழந்த பெண் மறுமணம் செய்யாமல் காலம் கடத்தினால் சொத்துரிமையில் கை வைத்தன. கிறித்தவச் சபையோ மறுமணம் செய்யாத கைம்பெண்ணை மதித்துத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. எகிப்தில் கிடைத்த, கி.மு. 1ஆம் ஆண்டைச் சேர்ந்த பாப்பிரஸ் கடிதம் ஒன்றில், அலெக்சாந்திரியாவில் வேலைக்குப் போயிருந்த ஹிலாரியோன், கருவுற்றிருந்த மனைவிக்கு, ஆண் பிள்ளை பிறந்தால் வைத்துக்கொள், பெண் பிள்ளையானால் எறிந்துவிடு என்று அன்பு கலந்த தொனியிலேயே எழுதியிருக்கிறார். அன்றைக்கு அது கொடூரமாகக் கருதப்படவில்லை. யூதர்களும் அவர்களைப் பின்பற்றிக் கிறித்தவர்களும்தாம் அதைப் பாவம் என்று விலக்கினார்கள். இந்த வேறுபாடு மக்கள்தொகையை எவ்வளவு மாற்றியது என்று கணக்கிட்டுச் சொல்வோரும் உண்டு; அவ்வளவு துல்லியம் நம் சான்றுகளுக்குத் தாங்காது. ஆனால் சிர்த்தாவில் பெண்களின் அங்கிகள் ஆண்களுடையவற்றைப் போல ஐந்து மடங்கு இருந்தது தற்செயலாக இருக்க முடியாது.

அதன்மேல் கொள்ளைநோய் வந்தது. 250களில் பேரரசை உலுக்கிய நோய்க்கு, அதை விவரித்து எழுதிய கார்த்தேஜ் ஆயர் சிப்ரியனின் பெயரே வழங்குகிறது. அலெக்சாந்திரியாவின் ஆயர் தியோனீசியுஸ் எழுதிய கடிதத்தில், கிறித்தவர்கள் ஆபத்தைப் பாராமல் நோயாளிகளைத் தொட்டுப் பேணினார்கள், பலர் தாமும் இறந்தார்கள், மற்றவர்களோ நோயின் முதல் அறிகுறியைக் கண்டதும் நெருங்கியவர்களையும் தெருவில் தள்ளினார்கள் என்கிறார். தம் மக்களைப் புகழும் ஆயரின் கூற்று என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். எஞ்சிய பாதியும் சிறிதன்று. மருந்து இல்லாத காலத்தில் வேளைக்குத் தண்ணீரும் கஞ்சியும் கொடுக்க ஆள் இருந்தாலே பிழைப்போர் தொகை கூடும். பிழைத்தவர் தம்மைப் பேணியவரை மறக்கமாட்டார்.

இதே பத்தாண்டில்தான் அரசு முதன்முறையாகப் பேரரசு முழுவதற்குமான நடவடிக்கையில் இறங்கியது. எதிரிகளும் உள்நாட்டுக் கலகமும் நெருக்கிய நேரத்தில் ஆட்சிக்கு வந்த டெசியுஸ், பேரரசில் உள்ள அனைவரும் கடவுளர்க்குப் பலியிட்டுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று ஆணையிட்டார். அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் மணலிலிருந்து கிடைத்துள்ளன; யாவும் 250இன் கோடையில் எழுதப்பட்டவை. வாசகம் ஏறத்தாழ ஒன்றே: நான் எப்போதும் கடவுளர்க்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் மதுவூற்றிப் பலியிட்டுப் பலி உணவைச் சுவைத்தேன், இதற்குச் சான்றளிக்க வேண்டுகிறேன். கீழே அதிகாரிகளின் கையொப்பம். இவற்றில் ஒன்று, முதலை உருவான பெதேசூக்கோஸ் தெய்வத்தின் பூசாரிணியான அவுரேலியா அம்மோனூஸ் என்பவருக்கு உரியது. கோயில் பூசாரியே தாம் கடவுளைக் கும்பிடுகிறவர் என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது என்றால், அலுவலகங்கள் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு ஊரையே வரிசையில் நிறுத்தியிருக்கின்றன என்றுதான் பொருள்.

கிறித்தவர்களில் பலர் பலியிட்டார்கள். வேறு பலர் பலியிடாமலேயே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கிக்கொண்டார்கள். டெசியுஸ் 251இல் போரில் மாண்டதும் இவர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பி வந்து சேர்த்துக்கொள்ளும்படி கேட்டபோது, யாரை, எவ்வளவு காலத் தவத்துக்குப் பின் ஏற்பது என்ற சண்டை கார்த்தேஜையும் ரோமையும் பிளந்தது. தவறியவர்களைத் தவத்துக்குப் பின் ஏற்கலாம் என்ற தரப்பே வென்றது. தீர்மானிக்கும் அதிகாரம் ஆயர்கள் கைக்குப் போனது. தூயவர்கள் மட்டும் போதும் என்று சொன்ன தரப்பு வென்றிருந்தால் கிறித்தவம் பல சிறு பிரிவுகளில் ஒன்றாக முடங்கியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அடுத்து வந்த வலேரியன் 257–258இல் குருக்களையும் சொத்துகளையும் குறிவைத்தார். சிப்ரியன் 258 செப்டம்பரில் தலை வெட்டப்பட்டார். ஆனால் 260இல் வலேரியன் பாரசீகரிடம் சிறைப்பட, அவர் மகன் கல்லியேனுஸ் பறித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தார். அதன் பின் நாற்பதாண்டு அமைதி. சொத்துரிமை எந்த அளவுக்கு ஏற்கப்பட்டுவிட்டது என்பதற்கு 272இல் நடந்தது எடுத்துக்காட்டு: பதவி நீக்கப்பட்ட பின்னும் அந்தியோக்கியா ஆயர் இல்லத்தை விட்டு வெளியேற மறுத்த சமோசாத்தாவின் பவுல் மீது மற்றக் கிறித்தவர்கள் பேரரசர் அவ்ரேலியனிடம் முறையிட்டார்கள். கிறித்தவரல்லாத அந்தப் பேரரசர், இத்தாலியிலும் ரோமிலும் உள்ள ஆயர்கள் யாரோடு கடிதத் தொடர்பு வைத்திருக்கிறார்களோ அவருக்கே கட்டடம் உரியது என்று தீர்ப்பளித்தார். கடிதத் தொடர்பைக் கொண்டு உரிமையை முடிவு செய்தது, இந்த அமைப்பின் உயிர்நாடி எதுவென்று அரசும் புரிந்துகொண்டதைக் காட்டுகிறது. நிக்கொமேதியா நகரில் டயோக்ளீசியனின் அரண்மனையிலிருந்து பார்த்தாலே தெரியும்படி ஒரு தேவாலயம் எழும்பி நின்றது. 303 பிப்ரவரி 23 அன்று முதலில் இடிக்கப்பட்டதும் அதுதான்.

பரவல் எங்கும் ஒரே சீராக இருக்கவில்லை. சிறிய ஆசியா, சிரியா, எகிப்து, வட ஆப்பிரிக்கா, ரோம் நகரம் ஆகியவற்றில் கிறித்தவர்கள் அடர்ந்திருந்தார்கள். கால் (இன்றைய பிரான்சு) நாட்டின் வடபகுதி, பிரிட்டன், டான்யூப் எல்லை ஆகியவற்றில் மிகச் சிலரே. கப்பல் துறைகளும் வணிகச் சாலைகளும் எங்கே இருந்தனவோ அங்கே முதலில். மலைகளும் பண்ணைகளும் கடைசியில். செங்கடல் வழியாக முசிறி வரை நடந்த வணிகமும் அலெக்சாந்திரியாவிலிருந்தே தொடங்கியது. அந்நகரின் ஆசிரியர் பந்தேனுஸ் இந்தியா வரை சென்றதாகத் திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸ் குறித்திருப்பதை இந்தப் பின்னணியில்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

கான்ஸ்டன்டைன் 312 அக்டோபரில் மில்வியன் பாலத்துப் போரில் வென்று ரோமுக்குள் நுழைந்தபோது, தம் வெற்றிக்குக் காரணமாக ஏற்றுக்கொண்ட கடவுளுக்கு ஏற்கெனவே நகரந்தோறும் ஆயர்களும், நிதியும், பதிவேடுகளும், ஒருவரையொருவர் அறிந்த கடிதத் தொடர்பும் இருந்தன. துன்புறுத்தலை நிறுத்தியவரும் அவர் மட்டுமல்லர். அதை முன்னின்று நடத்திய கலேரியுஸே தோல்வியை ஒப்புக்கொண்டு 311இல் பொறுத்துக்கொள்ளும் ஆணையை வெளியிட்டுவிட்டார். ஆகவே கான்ஸ்டன்டைன் ஒரு சிறு பிரிவைத் தூக்கிப் பெரிதாக்கினார் என்பதைவிட, பேரரசில் எஞ்சியிருந்த மிக உறுதியான அமைப்போடு கைகோத்தார் என்பதே பொருந்தும். அவருக்குப் பின் கணக்கு மாறிவிட்டது. குருக்களுக்கு வரிவிலக்கு, ஆயர் முன்னிலையில் வழக்குத் தீர்க்கும் உரிமை, அரசுச் செலவில் பேராலயங்கள் என்று வந்தபின், சேர்வதற்கு நம்பிக்கையைத் தவிர வேறு காரணங்களும் உண்டாயின. நான்காம் நூற்றாண்டின் பெருக்கத்தை முந்தைய நூற்றாண்டுகளின் வளர்ச்சியோடு ஒரே கோட்டில் வைக்கக்கூடாது.

இந்த அமைப்பின் வலிமையை நன்கு அறிந்தவர் அதை ஒழிக்க முனைந்த பேரரசர் ஜூலியன். 362இல் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு எழுதிய கடிதத்தில், கடவுளை மறுக்கும் இந்தக் கலிலேயர் (கிறித்தவர்களை அவர் அழைத்த பெயர்) தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துக் காப்பாற்றுகிறார்கள், நம்மவரோ நம்மிடமிருந்து உதவி பெறாமல் இருப்பது எல்லோருக்கும் தெரிகிறது என்று குறைபட்டு, ஊர்தோறும் சத்திரங்கள் கட்டும்படி சொல்லி, அதற்காகக் கோதுமையும் மதுவும் ஆண்டுதோறும் ஒதுக்கினார். ஆனால் கோயில்களுக்கு அப்படியொரு வேலையைச் செய்ய ஆளும் பழக்கமும் இல்லை. ஜூலியன் அடுத்த ஆண்டே பாரசீகப் போரில் இறந்தார்.

தியோடோசியுஸ் 380இல் ஒரே சமயத்தை அரசின் சமயமாக அறிவித்து, 390களின் தொடக்கத்தில் பலிகளையும் கோயில் வழிபாட்டையும் தடைசெய்தபின், வீடுகளின் வழியே வளர்ந்த சமயம் சட்டத்தின் வழியே பரவத் தொடங்கியது. சட்டத்துக்கும் எல்லை இருந்தது. பவுல் ஆண்டுக்கணக்கில் தங்கிப் பேசிய எபேசைச் சுற்றியுள்ள ஆசியாவிலும், அதையடுத்த லீதியா, காரியா, பிரீகியா நாடுகளின் மலையூர்களிலும், அவருக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் பழைய கடவுளர்க்குப் பூசை நடந்துகொண்டிருந்தது. 542இல் பேரரசர் ஜஸ்டினியன் அவர்களை மாற்றுவதற்காக எபேசின் யோவான் என்ற துறவியை அரசுப் பணத்தோடு அனுப்பினார், அவரும் பல்லாயிரம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாகத் தம் குறிப்பில் எழுதிவைத்தார்.